வண்டியில் தூங்கத் தெரியாதவர்

என் வீட்டுக்காரர் பாதி ஆயுசை ஒரு கிடங்கின் வாசலில் கழித்தவர். காவல் வேலை. உள்ளே போகிற லாரியையும் வெளியே வருகிற லாரியையும் நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்து, பின்கதவுப் பூட்டில் போட்ட சீல் முத்திரையை இழுத்துப் பார்த்து, டிரைவரின் சாப்பாட்டுப் பையையும் திறக்கச் சொல்லுவார். வாசல் கேட்டை விட்டு நகராதவர் என்று லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கேட்டு’.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்தது. நான் கடைக்குப் போய் வந்தால் பையை வாங்கி உள்ளே ஒரு பார்வை பார்ப்பார். என்ன தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது. “அப்பா, என் பையில வெடிகுண்டு இருக்கு, பாத்துத் தொடுங்க” என்பாள் மகள். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்.

அவருக்கு நாற்பத்தேழு வயதானபோது அந்த வாசலுக்குக் கேமராவும் தானாக ஏறி இறங்குகிற தடுப்புக் கம்பியும் வந்தன. இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு, தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணன் எங்களையும் சோதனை போடுவாரா?” என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள். பிறகு ஒருநாள், “நான் லாரி ஓட்டப் போறேன்” என்றார்.

“இந்த வயசுலயா?”

“லாரிக்கு என் வயசு தெரியவா போகுது?”

நான் பாரத்தைக் கடவுள் மேல் போட்டுவிட்டேன்.

சின்ன வண்டி ஏற்கெனவே ஓட்டுவார். பெரிய வண்டியைப் பின்னால் எடுப்பதில்தான் மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் “வா, வா, ஒடிச்சுத் திருப்பு, நிறுத்து” என்று வெளியே நின்று கை காட்டியே பழகியவர். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். “அண்ணே, இப்ப நீங்கதான் வண்டி. கைய உள்ள எடுங்க” என்றாராம் சொல்லிக்கொடுத்தவர். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தவறி, அடுத்த தடவை தேறினார்.

நெடுந்தூர வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருப்பார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்க வேண்டும். ஓட்டத் தெரிந்தால் மட்டும் ஆகாது, அடுத்தவர் ஓட்டும்போது தூங்கவும் தெரிய வேண்டும். லாரிக் கம்பெனி இவரோடு சேர்த்துவிட்டது ‘மீசை’ என்கிற பழைய டிரைவரை. மீசையை எப்போதோ எடுத்துவிட்டார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சில மாதம் கூட ஓட்டிப் பார்த்து அவர் சரி என்றால்தான் இவருக்கு வேலை நிலைக்கும்.

முதல் நடையிலேயே, பாதி வழியிலிருந்து எனக்கு இவருடைய ஃபோன் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

“ஆளு சரியில்லம்மா.”

“என்ன பண்றாரு?”

“ஒண்ணும் பண்ணல. அதான் சந்தேகமா இருக்கு.”

வாசலில் நின்ற காலத்தில் இவரிடம் ஒரு வித்தை இருந்தது. டீசல் டேங்க் மூடியின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி வைப்பார். மூடியை யாராவது திறந்தால் நூல் விழுந்துவிடும். அதையே இப்போது தான் ஓட்டுகிற வண்டியிலும் செய்தார். அடுத்த ஃபோனில் குரல் இன்னும் இறங்கியிருந்தது.

“நூலைக் காணோம். திறந்திருக்கான்.”

“டீசல் குறைஞ்சிருக்கா?”

“குறையல.”

“அப்புறம் என்னங்க?”

“குறையாம எடுக்கத் தெரிஞ்சவன் போல.”

அன்றிலிருந்து படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாரே தவிர, தூங்குவதில்லை. பிரேக் போட்டால் தலையைத் தூக்குவார். பின்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவார். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமலே சரிந்துவிடுவார். தூங்காத மனுஷன் கையில் அவ்வளவு பெரிய வண்டி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் இவரை இறக்கிவிட எங்கள் தெருமுனையில் லாரி நின்றது. மீசைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் குடித்து முடித்த பிறகே தானும் குடித்தார்.

“அண்ணி, அண்ணனுக்குக் கம்பெனியில யாராச்சும் சொந்தமா?”

“அப்படி யாரும் இல்லையே. ஏன் தம்பி?”

“சும்மாதான்” என்றார். என் பதிலை நம்பவில்லை என்று முகமே சொன்னது. அந்த முகத்தில் கண்கள் இவருடையதைப் போலவே சிவந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். “அவரும் தூங்குறதில்ல போலிருக்குங்க.”

“தூங்காம எதைப் பாக்குறான்?”

“உங்களைத்தான்.”

என் வாயால் சொல்லியிருக்கக் கூடாது. இவருடைய சந்தேகம் அதோடு இரண்டு மடங்கானது.

அடுத்த நடையில் நடந்ததைப் பிறகுதான் எனக்குச் சொன்னார். நல்ல வெயில், வளைவே இல்லாத ரோடு. மீசை ஓட்டினார், இவர் படுக்கையில் விழித்துக் கிடந்தார். திடீரென்று சக்கரத்தின் சத்தம் மாறியது. தார் ரோட்டைவிட்டு வண்டி சரளைக்கல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. மீசையின் தலை நெஞ்சில் தொங்கியது. இவர் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து உலுக்க, அவர் பிரேக்கை மிதிக்க, வண்டி புதரை உரசி நின்றது.

இருவரும் இறங்கி, வண்டி நிழலில் உட்கார்ந்தார்கள்.

“நீ படுக்குற முறையில தூங்கியிருந்தா இது நடந்திருக்குமா?” என்றார் இவர்.

“உளவு பாக்க வந்த ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவன் தூங்குவான்?”

“யாரு உளவு பாக்க வந்தது?”

“வாசலுக்குக் கேமரா வச்சாங்க, ‘கேட்டு’ங்கிற ஆளை வண்டிக்குள்ள ஏத்திட்டாங்கன்னு ஊரே சொல்லுது. நீங்க டேங்க் மூடிகிட்ட என்னமோ நோண்டுனதை நானே பாத்தேன். என்னத்தப் போட்டீங்களோன்னு திறந்து பாத்தேன்.”

“நூலு வச்சேன்.”

“எதுக்கு?”

“நீ திறக்குறியான்னு பாக்க.”

மீசை இவரையே பார்த்தார். “நீங்க வைக்கலைன்னா நான் ஏன் திறக்கப் போறேன்?”

சொன்னது பொருந்தியது. ஆனாலும் ரொம்பப் பொருந்துகிறதே என்றுதான் இவருக்குத் தோன்றியதாம். மீசை எழுந்துபோய்ச் சாவியை உருவிக்கொண்டு வந்தார். அதை இவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மேலே ஏறிப் படுத்தார். இவர் சாவியைத் தடவிக்கொண்டே அந்த ஆள் தூங்குவதைப் பார்த்திருந்தார். நடிப்பு இல்லை. வாய் திறந்து, எச்சில் வழியத் தூங்கினார். அவர் எழுந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இவர் போய்ப் படுத்தார்.

இதெல்லாம் தெரியாமல் நான் அந்த நேரத்தில் ஃபோன் செய்தேன். மீசை எடுத்தார்.

“அண்ணன் தூங்குறாரு, அண்ணி.”

வண்டியில் இவர் என்றைக்குத் தூங்கியிருக்கிறார்? அவருடைய ஃபோன் இந்த ஆள் கைக்கு எப்படிப் போனது?

“எழுப்புங்க தம்பி.”

“இப்பத்தான் கண் அசந்தாரு. வேணாம்.”

“நான் எப்படி நம்புறது?”

“சரியான ஜோடிதான்” என்றார். “ஃபோனை அவர் பக்கத்துல வைக்கிறேன், நீங்களே கேட்டுக்குங்க. நிறுத்தின வண்டியில எவனும் தூங்குவான். நான் இப்ப வண்டிய எடுக்கப் போறேன்.”

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். குறட்டை கேட்டது. அடித்தொண்டையில் தொடங்கி, பாதியில் நின்று, பிறகு விசிலாக முடிகிற குறட்டை. கல்யாணம் ஆனதிலிருந்து என் காதுக்குப் பழகியது, வேறு யாருக்கும் வராது. கதவு சாத்துகிற சத்தம். இன்ஜின் உறுமியது. பிரேக் விடுபட்டுக் காற்று சீறியது.

குறட்டை நின்றுவிட்டது.

கடவுளே, இந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரமாவது யாரையாவது நம்பக் கொடு என்று வேண்டினேன். சக்கரத்தின் சத்தம் சரளையிலிருந்து தாருக்கு மாறியது. கியர் ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது.

பிறகு, அடித்தொண்டையிலிருந்து, மெதுவாக, மறுபடியும் தொடங்கியது.