களிமண்ணுக்குக் கீழே போன தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு வந்தால், அண்ணன் மனைவியான என் மச்சாள் கதிரையில் இருக்குமுன் செம்பைத்தான் எடுப்பார். கிணற்றில் புதிதாக அள்ளி, நின்றபடி மடமடவென்று குடித்த பிறகே பேச்சு. உப்பு வாவிக் கரையில் இப்படியொரு நல்ல தண்ணீரா என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவார். எனக்குச் சீதனமாக வந்த வீடு. கிணற்றையும் நானே வெட்டியதுபோலப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

மச்சாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்தவர். நிலத்தடியில் நீர் ஓடும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவரது ஆய்வு. எனக்கோ கணக்கு என்றாலே காய்ச்சல். புதுக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுக்க எங்கள் ஒழுங்கை முடிகிற தெருமுனையில் ஆழ்குழாய்க் கிணறு அடித்து, பகல் முழுக்க இறைத்துப் பார்த்த அன்று வேடிக்கை பார்க்கத்தான் போனேன். நீர்மட்டம் விறுவிறென்று இறங்கியது; மத்தியானத்துக்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. வற்றாத கிணறு என்று சனம் சந்தோஷப்பட்டது, யாரோ சோடாகூட வாங்கி வந்தார்கள். மச்சாள் மட்டும் முகம் வாடி என் பக்கத்தில் வந்து நின்றார். என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

“தண்ணி சும்மா நிக்கல்ல மச்சாள். உங்கட கிணத்துத் தண்ணி கீழ இறங்குது. நடுவில கிடக்கிற களிமண் மூடியில்ல, ஈரச் சீலை.”

பிறகுதான் விளக்கிச் சொன்னார். கீழே உறிஞ்ச உறிஞ்ச, மேல் மணலிலுள்ள நல்ல தண்ணீர் களியினூடே கசிந்து போகும். அது குறைந்த இடத்துக்கு வாவியின் உப்பு வரும். கடைசியில் அந்த உப்பும் கீழே இறங்கும். முதலில் எங்கள் கிணறுகள், அடுத்து அவர்களின் குழாய். அரைவாசி இறைத்தால் இரண்டும் தப்பும் என்பது அவர் கணக்கு.

குடியிருப்புச் சனத்தின் கூட்டத்தில் அதைச் சொன்னபோது, மிஸ் தன் மச்சாளின் கிணற்றைக் காக்கிறார் என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் குடித்துச் சலித்த தாய்மார் அவர்கள். கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. “உங்களுக்கும் தண்ணி வேணும். அது இல்லாமப் போயிரக் கூடாதெண்டுதான் சொல்றன்,” என்றார் மச்சாள். அரை மனதோடு ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் அடிக்கடி வந்து எங்கள் கிணற்றை அளந்து, மோட்டர் ஓடும் நேரத்தையும் கேட்டுவிட்டே போவார்.

புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. கேட்க ஆளில்லை என்றானதும் மோட்டர் இரவு பகலாக ஓடத் தொடங்கியது. போய்ச் சொன்னேன். உங்கள் கிணறு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அப்போது நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அதில் கால் கழுவத்தான் முடியும். குடிக்க, அந்த ஆழ்குழாய்த் தண்ணீரை எங்கள் வீட்டுக்கும் குழாயில் எடுத்திருக்கிறோம். முதல் முறை உப்புக் கரித்த அன்று கிணற்றடியிலேயே இருந்து அழுதேன். மச்சாளின் கணக்கு ஒருமுறையாவது பிழையாகப் போயிருக்கக் கூடாதா?

அண்ணன் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நேற்று மச்சாளின் திவசம். பழக்க தோஷத்தில் செம்போடு கிணற்றடிவரை போய்த் திரும்பிவந்து, குழாயைத் திறந்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர், எங்கள் கிணற்றிலிருந்து இறங்கிப் போன அதே தண்ணீர். படத்துக்கு முன்னால் வைத்து, “குடியுங்க மச்சாள்” என்றேன். அடுத்த திவசத்துக்குச் செம்பில் எதை வைப்பேன் என்று தெரியவில்லை.