மேல்பக்கம் தடித்த கண்ணாடி

பெர்னதெத் டீச்சர் கேட்டில் நின்று பால் வாங்கும்போதே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை முக்கிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பால்காரரிடம் “இன்னிக்கு சரி” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. நாளைக்கும் பார்ப்பார்.

பிரேசர் டவுனில் அவருடைய பழைய வீட்டின் பின்பகுதியில்தான் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். வீடு காட்டிய அன்றே ஜன்னலைத் தட்டிச் சொன்னார்: “கண்ணாடி கெட்டியான திரவம்மா. நின்னு நின்னு மெதுவா கீழே இறங்கும். பழைய கண்ணாடின்னா அடிப்பக்கம் தடிப்பா இருக்கும். அளந்தே பார்த்திருக்கேன்.” பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அளப்பதற்குச் சொந்தமாக ஒரு ஸ்க்ரூ கேஜ் வைத்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்குப் பெயின்ட் அடிக்க வந்த சந்திரன், எங்கள் ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருந்த, உதிர்ந்துபோன பட்டிப் பூச்சைச் சுரண்டிக் கண்ணாடியைக் கழற்றினார். டீச்சர் உடனே அதன் மேல்பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அளந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மேலே தடிப்பு, கீழே மெல்லிசு. எப்போ உடைச்சீங்க லீனா?”

“நாங்க தொடவே இல்ல ஆன்ட்டி.”

“தொடாமலே கண்ணாடி தலைகீழா நிக்குமா? உடைச்சுட்டு வேற பழசை மாட்டியிருக்கீங்க. உடைச்சது பரவாயில்ல, மறைச்சீங்க பாரு. ஜனவரிக்குள்ள வேற வீடு பாத்துக்கோங்க.”

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா துணையில்லாமல் நடந்துபோகும் ஒரே இடம் இந்தத் தெருமுனைக் கோயில்தான். வேறு ஏரியா போனால் அதுவும் நின்றுவிடும். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. போன வாரம் டீச்சர் தன் அண்ணன் மகன் எரிக்கோடு போனில் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது: “பின்னாடி போர்ஷன் காலியாகட்டும், பாக்கலாம்.” கண்ணாடி வெறும் சாக்காக இருக்கலாம்.

“அந்தக் காலத்துக் கண்ணாடி வேற எங்கயாவது இருக்கா ஆன்ட்டி? பக்கத்துல வெச்சுப் பாப்போம்.”

“ஏன் இல்ல? வீடு கட்டினப்போ மிஞ்சினது பரண்ல படுக்கப் போட்டிருக்கு. எறக்கு. உன் குட்டு வெளிப்படட்டும்.”

காகிதத்தில் சுற்றிய கண்ணாடிகளை இறக்கினேன். அதே லேசான பச்சை, அதே குமிழிகள். டீச்சர் என் கையில் கேஜைத் தரவில்லை. அவர் படிக்கும் எண்ணை நான் நம்பவில்லை. அதனால் அவர் திருகினார், நான் படித்தேன்.

முதல் கண்ணாடியின் ஒரு ஓரம் தடிப்பு, எதிர் ஓரம் மெல்லிசு.

“சரியாப் படி.”

மறுபடி படித்தேன். அதேதான். டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு தானே குனிந்து படித்தார். அடுத்த கண்ணாடியும் அப்படியே.

“இது நிக்கவே இல்லையே,” என்றார். “படுத்தே கிடந்தது எப்படி ஒரு பக்கமா ஓடும்?”

சந்திரன் சிரித்தார். “செய்யும்போதே அப்படி வந்திருக்கும் டீச்சர். என்னைக் கேட்டா, எந்தப் பக்கம் தடிப்புன்னு யாரும் உத்துப் பாத்து மாட்டறதில்ல.”

“நீ சும்மா இருப்பா.”

முன்பக்க ஜன்னலுக்குப் போனார். பட்டி உதிர்ந்திருந்த இடங்களில் அளந்தார். பெரும்பாலும் அடிப்பக்கம்தான் தடிப்பு. ஒன்று மட்டும் இடது ஓரத்தில் தடித்திருந்தது. அதை மறுபடியும் அளந்தார்.

“பக்கவாட்டுல நான் அளந்ததே இல்ல,” என்றார். “இதை எத்தனை பிள்ளைங்களுக்கு நடத்தியிருக்கேன்...”

எண்ணை மறைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்குப் போகவில்லை.

டீச்சர் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எங்கள் கண்ணாடியைச் சந்திரனிடம் கொடுத்தார். “கோடு போட்ட பக்கம் மேலே. இருந்தபடியே மாட்டு.”

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இன்னிக்கு சரி. நீங்க இருங்க. எரிக் வேற எடம் பாத்துக்குவான்.”

எரிக்கின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.