பஞ்சுவுக்கு ஒண்ணே ஒண்ணு

மனிதர்களுக்குப் பத்தியம் சொன்னால் கேட்பதில்லை. மிருகங்களுக்குப் பத்தியம் சொன்னாலோ அதையும் மனிதர்களிடம்தான் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எங்கள் தொழிலின் தீராத தலைவலி.

லிங்கராஜபுரத்தில் ஒரு கால்நடை டாக்டரின் கிளினிக்கில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் நர்ஸ் இல்லை. வெள்ளை கோட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் சிஸ்டர் என்கிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். டாக்டர் ஊசி போடுவார், மருந்து எழுதுவார். என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று பத்தியச் சீட்டு எழுதி, விளக்கி, கெஞ்சி, கடைசியில் சண்டை போட்டு அனுப்புவது என் பாடு. நாய், பூனை வரைக்கும் எப்படியோ சமாளித்தேன். இப்போது சின்சில்லா வந்து சேர்ந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அணிலைவிடப் பெரிசு, முயலைவிடச் சிறிசு, காது எலிக்கு இருப்பது மாதிரி. ரோமத்தைத் தொட்டால் கையை எடுக்க மனசு வராது. எங்கோ தென் அமெரிக்க மலையில் காய்ந்த புல்லைத் தின்று வளர்ந்த பிராணி. அதற்கு வேண்டியது பாக்கெட்டில் விற்கிற காய்ந்த புல், சுத்தமான தண்ணீர், தினம் ஒரு ஸ்பூன் தீவன உருண்டை. அவ்வளவுதான். இந்த ஒரு வரியைக் கேட்டு நடக்க பெங்களூரில் ஆள் கிடையாது. வீட்டில் சர்க்கரை வியாதிக்காரருக்குப் பத்தியம் சொல்லித் தோற்றுப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

கௌரவக் குறைச்சல்

முதல் ஆள் ஒரு கம்பெனி மேனேஜர். மனைவியின் பிறந்தநாளுக்கு சின்சில்லா வாங்கியிருந்தார். காலையில் பாதாம், மத்தியானம் ஆப்பிள் துண்டு, சாயங்காலம் பிஸ்தா. ஒரு மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம். அது சாகும்வரை பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும், பாதாமைக் கொடுத்தால் பல் வளர்ந்து கன்னத்தைக் குத்தும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சீட்டில் 'புல்' என்று எழுதிக் கொடுத்ததும் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சிஸ்டர், ஊர்ல எங்க வீட்டு மாட்டுக்குத்தான் புல்லு போடுவோம். இதுக்கும் அதையே போட்டா வீட்டுக்கு வர்றவங்க என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அல்சூர் ஏரி ஜூஸ்

இன்னொருவர் ரிட்டயரான ஆபீசர். "ஆரோக்கியம் பத்தி எனக்குச் சொல்லவே வேணாம்மா" என்று பெருமையாகச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். நானும் நம்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். சின்சில்லாவின் மோவாய் ரோமம் முழுக்க ஈரம், அதுவும் பச்சை நிறத்தில். என்ன சார் இது என்றால், தினமும் காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிறாராம், அங்கே அருகம்புல் ஜூஸ் குடிக்கிறாராம், இதற்கும் ஒரு பார்சல் வாங்கிக் கொடுக்கிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியே விட்டேன். மெல்லுவதற்காகத்தானே ஐயா புல்லே எழுதினேன்! அவர் அசரவே இல்லை. "புல்லுன்னுதானே எழுதியிருக்கீங்க? மென்னு கஷ்டப்பட வேணாம்னு ஜூஸா குடுக்கறேன். எனக்கும் பல்லு கிடையாது, அந்த வேதனை எனக்குத் தெரியும்."

பஞ்சுவின் தவக்காலம்

இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். பஞ்சு வீட்டாரை மன்னிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது. பஞ்சு என்பது ஸ்டெல்லா டீச்சர் வீட்டுச் சின்சில்லா. வாங்கியது அவருடைய ஒரே மகள் ரீனா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் படிக்கக் கனடா போகும்போது, 'புல், தண்ணீர், ஒரு ஸ்பூன் தீவனம். வேற எதுவும் வேணாம்மா' என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். தினமும் வீடியோவில் கூப்பிட்டு முதலில் பஞ்சுவைக் காட்டச் சொல்வாள். அது மூன்று மாடி வீடு. மாடிக்கு ஒரு அண்ணன் தம்பி குடும்பம், மொத்தம் பதினோரு பேர். பஞ்சு மாதாமாதம் எடை பார்க்க வரும், மாதாமாதம் குண்டாகி வரும், நான் மாதாமாதம் கத்துவேன்.

போன தவக்காலத்தில் ஓர் அதிசயம் நடந்தது. வீட்டில் எல்லோரும் கறியை விட்டார்கள், டீச்சர் காபியை விட்டார், பஞ்சுவுக்கும் முந்திரி திராட்சையை நிறுத்திவிட்டார்கள். நாற்பது நாளில் பஞ்சு சிக்கென்று ஆகிவிட்டது. என் பேச்சுக்கும் மதிப்பு வந்துவிட்டது என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் காலை, கிளினிக் திறப்பதற்கு முன்பே டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் கூண்டோடு வாசலில் நிற்கிறார்கள். பஞ்சு மூலையில் சுருண்டு கிடக்கிறது. வயிறு உப்பிக் கல் மாதிரி இருக்கிறது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு புழுக்கைகூடப் போடவில்லை. இந்தப் பிராணிக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். குடல் நின்றுவிட்டால் உயிர் போய்விடும். என்னய்யா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். டீச்சரின் வீட்டுக்காரர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "நாப்பது நாள் எங்களோட சேந்து அதுவும் ஒறுத்தல் பண்ணியிருக்கு சிஸ்டர். ஈஸ்டர் அன்னைக்காவது வாய்க்கு ருசியா சாப்பிட வேணாமா?"

விசாரணை

பஞ்சுவை அட்மிட் பண்ணியாயிற்று. என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்று மாடியும் கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரியவர் ஒரே ஒரு திராட்சை கொடுத்தாராம். அவர் மனைவியும் ஒன்றுதான். தம்பி ஒன்று, தம்பி மனைவி ஒன்று. பதினோரு பேரும் சத்தியம் பண்ணாத குறையாக ஒன்று என்கிறார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளக் கூடவா வாய் இல்லை என்று சத்தம் போட்டேன். கடைசித் தம்பி சட்டைப் பையிலிருந்து நான் எப்போதோ அவர்கள் நச்சரிப்புத் தாங்காமல் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "நீங்கதானே சிஸ்டர், திராட்சை எப்பவாவது ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க? அப்படின்னா ஆளுக்கு ஒண்ணுன்னுதானே அர்த்தம்?"

ஸ்டெல்லா டீச்சர்

எல்லோரும் போன பிறகும் டீச்சர் போகவில்லை. புல்லைப் பொடித்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் பஞ்சுவின் வாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். போன் அடித்தது. கரண்ட் இல்லை, வீடியோ வராது, பஞ்சு தூங்குகிறது என்று மகளிடம் மூன்று பொய் சொன்னார். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டிய வாய். நான் அவரையும் விடவில்லை. படித்தவர் நீங்கள், ஃப்ரிட்ஜில் பெண் எழுதி வைத்திருக்கிறாள், அப்படியும் தினம் கையில் வைத்து ஊட்டினால் எப்படி என்று கடுகடுத்தேன். பஞ்சுவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "அவ அங்க என்ன சாப்பிடறான்னு எனக்குத் தெரியல சிஸ்டர். இது என் விரலைப் புடிச்சிக்கினு சாப்பிடும்போது, அவளே சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

நாலு பாஷை

இரண்டாம் நாள் நாலைந்து புழுக்கை போட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வயிறும் இறங்கவில்லை. கூண்டின் மேல் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் 'எதுவும் கொடுக்காதீர்கள்' என்று பெரிசாக எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள் காலை கூண்டைச் சுத்தம் செய்தபோது, அடியில் விரித்த துணியில் ஒரு காம்பு கிடந்தது. திராட்சைக் காம்பு!

நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த நாயெல்லாம் குரைத்தது. கிளினிக்கில் இருந்த அத்தனை பேரையும் கூண்டு முன்னால் நிறுத்தினேன். டீச்சரும் அப்போது வந்து நின்றார். கூட்டிப் பெருக்கும் ரத்னம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு கன்னடத்தில் சொன்னாள்: "ஒந்தே ஒந்து கொட்டே அக்கா." ஒன்றே ஒன்றுதான் கொடுத்தாளாம். நாய் குளிப்பாட்டும் நயீம் தலையைச் சொறிந்துகொண்டு உருதுவில் சொன்னான்: "ஏக்கிச் தியா ஆப்பா." அவனும் ஒன்றுதான். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர், இத்தனை வருஷம் படித்த டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பசி திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக "ஜஸ்ட் ஒன்" என்றார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். உங்களை நம்பி ஒரு உயிரை விட்டுவிட்டுப் போனார்களே, வெட்கமாக இல்லையா என்று டாக்டரையும் சேர்த்துத்தான் கேட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். டீச்சர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் திருத்துகிறவர்களுக்கு ஒரு பார்வை இருக்கும், அந்தப் பார்வை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க எத்தனை சிஸ்டர்?"

ஒன்று. முந்தின நாள் சாயங்காலம், டீச்சர் இல்லாத நேரத்தில் கூழ் கொடுத்து முடித்த பிறகு, துண்டுக்குள்ளிருந்து இரண்டு குட்டிக் கையையும் நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் கேசரி கிளறுவதற்கு வாங்கிய திராட்சைப் பொட்டலம் கோட்டுப் பையில் இருந்தது. ஒன்று என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் நான் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், ஒன்றுதான் செய்யும் என்று. அன்று எனக்கு என் மேல் வந்த கோபத்துக்கு முன்னால் மேனேஜர், ஜூஸ்காரர், மூன்று மாடி எல்லாமே சும்மா.

கூண்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை டீச்சரிடமே கொடுத்துவிட்டேன். தினம் மூன்று வேளையும் வந்து அவரே திறந்தார், நான் கூழ் கொடுத்தேன், அவரே பூட்டினார். வேறு ஒரு கையும் உள்ளே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கறுக் கறுக்கென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பஞ்சு ஒரு நீளப் புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மென்றுகொண்டிருக்கிறது. டீச்சர் அழுதார். அழுதுகொண்டே ரீனாவுக்கு வீடியோ போட்டு, போனைக் கூண்டுக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார், பதினோரு திராட்சையையும், அன்று என்னிடம் சொன்னதையும் சேர்த்து. அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா, நான் இங்க ஒழுங்கா சாப்பிடறேன்னு சொன்னா நீ நம்புவியா, மாட்டியா?"

பஞ்சுவை வீட்டுக்கு அனுப்பும்போது புதுசாக ஒரு சீட்டு எழுதினேன். அதில் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் பஞ்சு என்றும், பத்தியம் யாருக்கு என்ற இடத்தில் அந்தப் பதினோரு பேரோடு டாக்டர், ரத்னம்மா, நயீம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் என் பெயரையும் போட்டு, அடியில் கோடும் இழுத்துக் கொடுத்தேன்.