பொறி படாத இடம்

என் மகன் சேகருக்கு முதலில் வந்தது தலைவலிதான். கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் அவன் கேஸ் கட்டர், வாயு நெருப்பால் இரும்பை அறுப்பவன். அனலில் நின்று வந்த வலி என்று நினைத்தோம். மறுநாள் குளிர்க்காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்றது ரத்தப் பரிசோதனை. ஆறாம் நாள் கண் மஞ்சளாகிப் பேச்சு குழறியது. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பெண் மருத்துவர் கேட்டார்: "வீட்ல நாய் இருக்கா?"

"இருக்குது டாக்டர். இவரு கட்டில்லதான் படுக்கும்" என்றாள் மருமகள் கலா.

"உடம்புல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு ஏதாவது?"

அந்த நேரத்திலும் கலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒடம்பு ஃபுல்லா அதுதான் டாக்டர். நெருப்புப் பொறி பட்டுக்கினே இருக்கும்."

உண்மைதான். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் கருப்புப் புள்ளிகள். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. கண் மங்கலென்பதால் விரலால் தொட்டு எண்ணத் தொடங்கினேன்.

"இன்னா மாமா, இங்கயுமா எண்ணிக்கினு இருப்பீங்க?"

பதினெட்டாவதில் விரல் நின்றது. இடது அக்குள். அழுத்தினேன், அவன் முகம் சுளிக்கவில்லை. தீக்காயமென்றால் வலித்திருக்கும்.

"முழுக்கை சட்டை போட்டுக்கினுதானே வேலை செய்றான். அக்குள்ல எப்டிம்மா பொறி போவும்?"

மருத்துவர் விளக்கை இழுத்துப் பார்த்தார். பொறி சுட்டதில்லை, பூச்சி கடித்த பொருக்கு என்றார். உண்ணிக் காய்ச்சல் (உண்ணியோ அதைப் போன்ற நுண்பூச்சியோ கடிப்பதால் வரும் கிருமித் தொற்று). நாயிடமிருந்தா, பட்டறைக்குப் பின்னாலுள்ள புதரிலிருந்தா, சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து டாக்ஸிசைக்ளின் (இந்தக் கிருமியை அடக்கும் மருந்து). "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் செயலிழந்து நான்கு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) ஆனது. சிறுநீரகம் மீண்டது. காய்ச்சலில் போன காது மீளவில்லை. கிரேன் மணி கேட்காதவனை உள்ளே விட முடியாது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் காய்ச்சல் இறங்காமல் யாராவது படுத்திருந்தால் துணியை விலக்கிப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, அரைஞாண் கயிற்றின் அடியில். வெட்கப்பட நேரமில்லை. நாய் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்லுங்கள். நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் தேடுங்கள். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தைத் தவறாமல் பிடரியில் விடுங்கள்.

எங்கள் நாய் இப்போது வாசலில் படுக்கிறது. சேகர் தினமும் குளித்துவிட்டு என் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கி நிற்கிறான். வயது நாற்பத்தொன்று. கைக்குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான் கையைத் தூக்கித் துடைத்துவிட்டேன். நடுவில் போன வருடங்களை என்னால் எண்ண முடியவில்லை.

"பாரு நைனா" என்று கத்துகிறான். தன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்பதில்லை.

தடவிப் பார்க்கிறேன். பழைய வடுவில் விரல் ஒவ்வொரு நாளும் திடுக்கிட்டு நிற்கிறது.

"ஒண்ணும் இல்லடா" என்கிறேன்.

கை இறங்குவதில்லை. தோளைத் தட்டிய பிறகுதான் இறக்குகிறான்.