சுண்ணாம்புத் தொட்டிகளின் மேல்

பம்பாய்த் தாராவியில் மூடிக் கிடந்த ஒரு தோல் கிடங்கை 1964-இல் மளிகை வியாபாரி வெயிலுமுத்து விலைக்கு வாங்கினார். நல்ல உயரமான கூரை. உள்ளே வரிசையாக அறைகள் தடுத்து, மேலே மரப்பரண் போட்டால் ஒரு குடும்பம் இருக்கும் இடத்தில் இரண்டு குடும்பம் இருக்கலாம். என்ன செலவாகும் என்று பார்த்துச் சொல்ல ஞானராஜை அழைத்தார்.

ஞானராஜ் மாதுங்காவில் ஒரு காண்டிராக்டரிடம் எஸ்டிமேட் போடும் வேலையில் இருந்தவர். சுவர்களைத் தட்டிப் பார்த்தார், பழுதில்லை. தரைதான் மோசம். தோலை ஊறவைத்த சுண்ணாம்புத் தொட்டிகளை மேலாக மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். கம்பியை ஊன்றினால் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. தொட்டிகளைத் தோண்டிச் சுத்தம் செய்து காங்கிரீட் போட வேண்டும் என்று எழுதினார். செலவில் பாதி அதற்கே போனது.

"என்ன வே, வீடு கட்டச் சொன்னா குழி தோண்டக் கணக்குப் போட்டிருக்கீரு? அதை எடுத்துரும்" என்றார் வெயிலுமுத்து.

"தூண் நிக்காது அண்ணாச்சி. மழைக்கு எறங்கிரும்."

"அடியில பலகையப் போட்டு நிறுத்துவோம். உம்ம குடிசைய முனிசிபாலிட்டிக்காரன் பிரிக்கப் போறானாமே? பகடி, முன்பணம்னு ஒண்ணும் வேண்டாம், ஒரு பரண் தாரேன். எதுன்னு நீரே பாத்து எடுத்துக்கிடும்."

ஞானராஜின் மனைவி சகாயராணி அப்போது நிறைமாதம். ஞானராஜ் தொட்டி தோண்டும் செலவை விட்டுவிட்டு வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். அடியில் தொட்டி இல்லாத கிழக்கு மூலையை எடுத்துக்கொண்டார்.

நடுவில் இருந்த அறை சுடலைக்கும் அவன் மனைவி மாடத்திக்கும் போனது. சகாயராணிக்குப் பிள்ளை பிறந்ததும் மாடத்திதான் வெந்நீர் வைத்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள். அவள் அறைக்கு அடியில் தொட்டி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஞானராஜ் பலமுறை நினைத்தார். சொன்னால் அவள் எங்கே போவாள் என்று தனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது மழைக்காலத்தில் கிடங்குக்குள் வெள்ளம் புகுந்து தேங்கியது. அது வடிந்த அன்று காலையில் நடுத்தூண் புதைந்து பரண் இறங்கியது. கீழே மாடத்தி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஞானராஜும் மற்றவர்களும் உத்திரத்தைத் தூக்கியபோது அவளுக்கு உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் சகாயராணி கேட்டாள்: "எல்லாப் பக்கமும் ஆடிச்சே, நம்ம மூலை மட்டும் ஏன் ஆடல?"

அவர் சொன்னார். அவள் குழந்தையின் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

அவர் சுடலையிடமும் போய்ச் சொன்னார். அடிப்பான் என்று நினைத்தார். சுடலை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லாட்டியும் போவட்டும் அண்ணாச்சி. அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? ஒங்க பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருந்தாளே."

போலீஸ் சௌக்கிக்கும் போனார். மழையில் விழுந்தது என்று அங்கே ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள்.

குடும்பம் கோவண்டிக்குப் போய்க் குடிசை போட்டது. ஞானராஜ் காண்டிராக்டரிடம் திரும்பிப் போகவில்லை; ஒரு விறகுக்கடையில் எடை போட்டார். சகாயராணி அவருக்குச் சோறு போட்டாள், அதிகம் பேசவில்லை.

வெயிலுமுத்து அதே தொட்டியின் மேல் புதுத் தூண் நிறுத்தி, மேலே வேறு குடும்பத்தைக் குடிவைத்தார். கீழே சுடலையே இருந்தான். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை.