திருநீறு பூசிக்கொண்டு வான்கோழி வேட்டைக்குப் போன கதை

வில்லோடு வான்கோழி வேட்டைக்குப் போவது எப்படி என்று இந்தத் தளத்தில் இரண்டொருவர் கேட்டிருக்கிறார்கள். நான் வேட்டைக்காரன் இல்லை. கடையில் உரித்து வைத்த கோழியையே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவன். ஆனாலும் 1997 மே மாதம், மைத்துனன் ரஞ்சனோடு அமெரிக்காவின் வெர்மொண்டுக்குப் போய் ஒரு துணி மறைப்புக்குள் காலை முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. ஆசைப்பட்டுப் போகவில்லை. மனைவி அனுப்பினாள்.

ரஞ்சன் அவளுடைய தம்பி. மூன்று தம்பிமாரில் மிஞ்சியவன். நாங்கள் இருக்கும் கியூபெக்கில், சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவரிடம் வில் பழகி, லைசென்சும் எடுத்து, இரண்டு வசந்தம் அவரோடு போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். அந்த வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தனியே போகிறேன் என்று இவன் நின்றான்.

“இஞ்சரப்பா, அவனைத் தனிய விடாதேங்கோ. துவக்குக்காரரும் திரியிற காடாம்,” என்றாள் மனைவி.

“நான் போய் என்ன செய்யிறது?”

“பக்கத்தில இருங்கோ. முழுசாய்த் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அக்காலத்தில் கியூபெக்கில் வான்கோழி வேட்டைக்கு அனுமதி இருக்கவில்லை. எல்லை தாண்டித்தான் போகவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு லாசாலில் எங்கள் வீட்டில் இருந்து புறப்பட்டோம். பாலத்து நெரிசலிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. எல்லைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் 40. வில்லைப் பார்த்த எல்லை அதிகாரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டார். மோட்டல் அறை 38 அமெரிக்க டொலர், ஹீட்டர் வேலை செய்தது.

வேட்டை நடக்கும் காணி ஒரு பண்ணைக்கார அம்மாவுடையது. அன்று மாலையே அனுமதி கேட்கப் போனபோது அவர் ரஞ்சனின் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். வான்கோழிச் சேவலின் தலை வசந்தத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். துவக்கோடு சுட வருகிறவர்கள் பற்றைப் புதருக்குள் அந்த நிறங்களைத்தான் தேடுவார்கள். ஆகவே அந்த மூன்று நிறத்தில் ஒரு நூல்கூட உடம்பில் இருக்கக்கூடாது என்றார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒருவருக்குத் தோளில் குண்டு பாய்ந்ததையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்றிரவு மோட்டல் அறையில் நான் ஒரு சோதனைச்சாவடியே நடத்தினேன். ரஞ்சனின் பையைக் கட்டிலில் கொட்டி, சிவப்புக் கோடு போட்ட காலுறையை எடுத்து வீசினேன். வெள்ளைக் கைக்குட்டை போயிற்று. தேநீர்க் குடுவையின் நீல மூடிக்குக் கறுப்பு டேப் சுற்றினேன்.

“அத்தான், நீங்கள் சும்மா பயப்பிடுறியள்,” என்று சிரித்தான்.

“ஓம், பயம்தான். நீ சட்டைக்குள்ள போட்டிருக்கிறது என்ன நிறம்?”

விடிய மூன்றரைக்கு எழும்பினோம். புறப்படும் முன் மனைவி தந்துவிட்ட பொட்டலத்தை எடுத்தேன். கோயிலில் ரஞ்சன் பேருக்கு அர்ச்சனை செய்து வாங்கிய திருநீறும் குங்குமமும். காட்டுக்குள் போக முதல் இரண்டு பேரும் பூசவேண்டும் என்பது அவள் கட்டளை. அவன் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாகப் பூசி, நடுவில் பொட்டும் வைத்துவிட்டேன். நானும் பூசிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

இந்த வேட்டைக்கு மறைப்பு ஏன் என்று கேட்பீர்கள். வான்கோழிக்குக் கண் அப்படி. துவக்கென்றால் நீட்டிக்கொண்டே அசையாமல் இருக்கலாம். வில்லை இழுக்கக் கை அசைந்தாக வேண்டும், அசைந்தால் பறவை ஓடிவிடும். அதனால் நாலு கம்பு நட்டு, இலை அச்சிட்ட துணியைச் சுற்றி, முன்னால் ஒரு ஜன்னல் விட்டு, நாங்கள் கறுப்புச் சட்டையும் முகமூடியும் தொப்பியுமாக இருட்டுக்குள் குந்தியிருந்தோம். எட்டு மீட்டர் தள்ளி ஒரு பொம்மைப் பெட்டைக்கோழியை நட்டிருந்தான். மூடியைத் தேய்த்தால் பெட்டைக்குரல் எழுப்பும் சிறு மரப்பெட்டி ஒன்றும் அவன் கையில் இருந்தது.

வெளிச்சம் வரத் தொடங்கியது. ரஞ்சன் பெட்டியைத் தேய்த்தான். இடப்பக்க மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு சேவல் கொக்கரித்தது. மறுபடி தேய்த்தான். இன்னும் கிட்டக் கேட்டது.

“வாறார், அத்தான். மூச்சு விடாதேங்கோ.”

நாண் கன்னத்தில் உரசும் என்று முகமூடியையும் தொப்பியையும் கழற்றி மடியில் வைத்தான். சேவல் மேட்டில் ஏறி, வாலை விரித்துக்கொண்டு, மெதுவாக இறங்கி வந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பொம்மைக்கு நேர் பின்னே, நாற்பது மீட்டர் தள்ளியிருந்த ஊசியிலை மர வரிசையில் ஒரு பற்றை நகர்ந்தது போலிருந்தது. உற்றுப் பார்த்தேன். இலைச்சட்டை போட்ட ஒரு மனிதன், முழங்காலில். துவக்கின் வாய் எங்கள் ஜன்னலை நோக்கி இருந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து, மேட்டுச் சரிவில் இறங்கிய சேவல் தெரியாது. எங்கள் பெட்டைக்குரலைக் கேட்டு, கிட்டச் சேவலும் நிற்கும் என்று வந்திருக்கிறான்.

நாங்கள் இருட்டுக்குள் இருக்கிறோம், இவன் எதைப் பார்த்துக் குறிவைக்கிறான் என்று திரும்பினேன். ரஞ்சன் நாணை இழுத்தபடி ஜன்னலில் முகத்தை வைத்திருந்தான். கறுப்புக்கு நடுவில் வெள்ளைப் பட்டை, சிவப்புப் பொட்டு, அவன் தலையோடு அசைந்துகொண்டிருந்தது. காலுறையைப் பிடுங்கி வீசிய கைதான் அதைப் பூசியது.

துவக்குக்காரனைக் கண்டால் கை காட்டக்கூடாது, அசையக்கூடாது, சத்தமாக மனிதக் குரலில் கத்தவேண்டும் என்று பண்ணைக்கார அம்மா சொல்லியிருந்தார். எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. கடைசியில் வெளியே வந்தது, நான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் தினமும் சொல்லும் பிரெஞ்சு வணக்கம்.

“பொன்ஜூர்!”

சேவல் சடசடவென்று கிளம்பிப் பறந்தது. ரஞ்சன் வில்லை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

“என்ன அத்தான்! மூண்டு வருசம் காத்துக்கொண்டு இருந்தனான்.”

நான் சட்டைக்கையால் அவன் நெற்றியை அழுத்தித் துடைத்தேன். அவன் தட்டிவிட்டான், திரும்பவும் துடைத்தேன். அப்போதுதான் வெளியே எழுந்து நின்ற மனிதனைக் கண்டான்.

ஐம்பது வயதிருக்கும். எங்களிடம் வந்து, சிவப்பும் வெள்ளையும் பார்த்தேன், நெஞ்சில் தாடி தெரிந்தால் சுடலாம் என்று காத்திருந்தேன் என்றார். சேவலுக்குத்தான் நெஞ்சில் தாடிபோல மயிர் தொங்கும், அது தெரியாமல் சுடக்கூடாதென்பது விதி. விதியை மதித்த மனிதர். ஆனால் துவக்கிலிருந்து தோட்டாவை எடுக்கப் போனவர், பாதியில் விட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குடுவையிலிருந்த தேநீரை மூன்று பேரும் குடித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மே நடுப்பகுதியில் போனால் விடிய நாலேகாலுக்கு முதல் மறைப்புக்குள் இருக்கவேண்டும். மத்தியானத்தோடு வேட்டை முடிந்துவிடும். லைசென்சும் கட்டணமும் மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர் எலும்பைத் தொடும், இரண்டு காலுறை போடுங்கள், பழுப்பு நிறத்தில். புறப்படும் முன் ஒருவர் முகத்தை மற்றவர் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மே மாதமும் ரஞ்சன் புறப்பட்டான், நானும்தான். வாசலில் மனைவி பொட்டலத்தோடு நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அவனுடைய சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, நெஞ்சில் திருநீற்றைப் பூசினாள். பிறகு பொத்தானைக் கழுத்துவரை பூட்டிவிட்டு, விரலில் மிஞ்சியதைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள்.