காந்தம் இழுக்காத தூள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நடந்தது இது. இரும்பு ஒக்சைட்டை மிக நுண்ணிய துகள்களாக்கி, தண்ணீரில் கலந்த எண்ணெயை அகற்றுவதுதான் என் ஆராய்ச்சி. அந்தத் தூளைப் போட்டால் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் காந்தத்தை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

ஆய்வுகூடம் கூட்ட வருகிற அக்கா ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாவகச்சேரிப் பக்கம் அவர் வீடு. எங்கிருந்தோ ஊறி வந்த கழிவு எண்ணெய் கிணற்றில் படலமாக மிதப்பதால், சமையலுக்குக்கூடப் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்தான்.

"உது எங்கடை கிணத்துக்கும் சரிவருமோ, பிள்ளை?"

"ஓம் அக்கா, நானே கொண்டுவாறன்" என்றேன்.

துகள் சிறுத்தால் எண்ணெயை இன்னும் அதிகம் பிடிக்கும் என்று, வழக்கத்தைவிட மிகச் சிறியதாகச் செய்தேன். உலர்ந்த தூள் காந்தத்தில் ஒட்டியது. அது போதுமென்று, தண்ணீரில் போட்டுப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

அக்காவின் கணவர் பெரிய வாளியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வைத்திருந்தார். அயலவர்களும் கூடிவிட்டார்கள். தூளைப் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் தேநீர் நிறமானது. காந்தத்தை வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். எதுவும் ஒதுங்கவில்லை. துகள் அளவுக்கு மீறிச் சிறுத்தால் அதன் காந்தத்தன்மை குறைந்து, தண்ணீரின் அலைக்கழிப்பை மீறி இழுபட முடியாமல் போகும். படித்திருந்தேன்தான். அந்த வாளிக்கு முன்னால்தான் விளங்கியது.

"முந்தினதைவிட ஊத்தையாயெல்லோ போச்சு" என்றார் கணவர். குரலில் கோபமே இல்லை. அக்கா சோடா உடைத்துத் தந்தார். வாங்கி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காந்தத்தை எடுத்துப் பையில் போட்டேன்.

பிறகும் அக்கா வழமைபோல வந்து கூட்டினார். கிணற்றைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, எனக்கும் கேட்க முகமில்லை. மூன்று மாதம் பாடுபட்டு, சரியான அளவில் துகள் செய்தேன். எண்ணெய்த் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தது. ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"கிணத்தைப் போன மாதமே கல்லும் மண்ணும் போட்டு மூடியாச்சு, பிள்ளை. படிச்ச ஆக்களாலயே ஏலாதெண்டால் இனி ஆரால ஏலுமெண்டு அவர் சொல்லிப்போட்டார்."

சொல்லிவிட்டு அடுத்த அறையைக் கூட்டப் போனார்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் ஒரு குடும்பம் கடைசியாக வைத்திருந்த நம்பிக்கையில் போய் என் அரைகுறைச் சோதனையைச் செய்து பார்த்ததற்காக, இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.